சினிமாக் கிணறு

கடம்பூர் போளியை ஆறவிட்டுத்தான் தின்ன வேண்டும். சூட்டோடு தின்றால் வெறும் இனிப்புதான் நாக்கில் நிற்கும். ஏலக்காயும் தேங்காயும் ஆறின பிறகுதான் தெரியும். என் மனைவி காளீஸ்வரிக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவள் கிணற்றில் விழுந்ததைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள், தெரியும் இன்ஸ்பெக்டர். அதற்கு வர வேண்டுமென்றால் போளியிலிருந்துதான் வர வேண்டும்.

நான் கோவில்பட்டியில் போர்டு எழுதுகிறவன். ஆர்ட்டிஸ்ட் ஆறுமுகசாமி என்றால் தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். பாதி லேபிள் என் கை வரைந்தது. தொண்ணூற்றெட்டில் இந்தப் பக்கம் ஒரு சினிமா எடுக்க வந்தார்கள். காதல், கேலி, கடைசியில் கல்யாணம் என்று போகிற சிரிப்புப் படம். செட்டுக்குப் பெயிண்ட் அடிக்க உள்ளூர் ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள்.

படம் வந்தபோது எங்களுக்குக் கல்யாணமான புதிது. அந்தக் கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன் இடம் காலியாக இருந்தது. என் மாமனாருக்கும் அவருடைய மச்சினனுக்கும் நிலத் தகராறு. பதினைந்து வருடமாகப் பேச்சில்லை. அந்த ஆளோடு பேசுகிறவர்கள் தன் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று மாமனார் சொல்லிவிட்டார். தாய்மாமன் சேலை உடுத்தாமல் தாலி வாங்கினேனே என்று காளீஸ்வரி சொல்லிச் சொல்லி அழுவாள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவள் சட்டென்று அழுதுவிடுகிறவள்.

படத்தை நான்கு தடவை பார்த்தாள். அதில் வந்த இடமெல்லாம் பார்க்க வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு இடம் என்று ஒப்புக்கொண்டேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: எதையும் என்னோடுதான் முதன்முதலில் பார்க்க வேண்டும். அதில் என்ன தப்பு? என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

முதல் ஞாயிறு கழுகுமலை. கதாநாயகி செருப்பைத் தொலைக்கிற மலைப்பாதையில் காளீஸ்வரியும் ஒற்றைச் செருப்போடு நொண்டிக் காட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு கடம்பூர் ஸ்டேஷன். கதாநாயகன் போளிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு ரயிலைத் தவறவிடுகிற பெஞ்சு. "மொதத் தடவையாப் பாக்குதேன். சினிமாவுல பெருசாத் தெரிஞ்சுது" என்றாள் காளீஸ்வரி. போளி விற்கிற பத்திரகாளியம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"போன மாசம் இதே பெஞ்சுல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தீங்கள்லா தாயி? கூட இருந்த குடைக்கார அண்ணாச்சி வரலியா?"

காளீஸ்வரியின் முகம் வெளுத்துப்போனது. அப்புறம் சொல்கிறேன் என்றாள். போளி ஆறிவிட்டது, சாப்பிடு என்றேன். நான் கத்துகிற ஆள் இல்லை.

அந்தக் குடைக்காரன் யாராக இருந்தால் எனக்கென்ன? மொதத் தடவை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாளே, அதுதான் பொறுக்கவில்லை. நம்பினவன் கழுத்தை அறுக்கக் கத்தி எதற்கு? அன்று பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். பொய் சொன்னவளுக்கு அப்படித் தூக்கம் வருமா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வந்தது.

மூன்றாவது இடம் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் கருத்தப்பாண்டி அண்ணாச்சியின் புஞ்சைக் கிணறு. கதாநாயகி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்து சிரிப்பாள். கதாநாயகன் ஓடிவந்து கையைப் பிடிப்பான். எங்கள் கரிசல் காட்டுக் கிணறுகளுக்குச் சுவர் ஏது? தரையோடு தரையாக வாயைத் திறந்து கிடக்கும். டைரக்டர் சுவர் கேட்டார் என்று பிளைவுட்டில் அடித்து, சாக்கைச் சுற்றி, மேலே பிளாஸ்டர் பூசி ஒன்று செய்தார்கள். நூறு வருடத்துப் பாசியும் விரிசலும் நான் வரைந்தது. கதாநாயகி உட்காருவதற்காக உள்ளே இரும்புக் குழாய் கொடுத்திருந்தார்கள். ஷூட்டிங் முடிந்ததும் குழாயைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு, வெறும் கூட்டை விட்டுப் போய்விட்டார்கள். யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று அண்ணாச்சி சுற்றிலும் கருவேல முள் வெட்டிப் போட்டிருந்தார். காளீஸ்வரிக்கு இதெல்லாம் தெரியாது. செட் ரகசியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் நான்.

வியாழக்கிழமை தனியாக அங்கே போனேன். ஐப்பசி மழையில் ஒரு பக்கம் கரைந்து சாக்கு வெளியே தெரிந்தது. அதைப் பூசிக் காயவிட்டு, பச்சையில் கொஞ்சம் கறுப்பைக் கலந்து மறுபடி பாசி வரைந்தேன். வேலை என்று எடுத்தால் அரைகுறையாக விட எனக்கு மனசு வராது. உடைந்த துண்டுகளில் பெயிண்ட் புதிதாக இருக்கிறதே என்று கேட்டீர்கள். கெட்டிக்காரர். புதிதுதான். முள்ளை இழுத்து ஓரமாகப் போட்டதும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அரக்கில் பச்சைக் கரை போட்ட சேலை கட்டியிருந்தாள். நான் எடுத்துக் கொடுத்ததில்லை.

"இது யாரு எடுத்துக் குடுத்ததுன்னு கிணத்துப் பக்கம் போயிச் சொல்லுதேன். நீங்க கோவப்படக் கூடாது, என்ன?"

கோபப்பட மாட்டேன் என்றேன். படவும் இல்லை.

கிணற்றைக் கண்டதும் ஓடினாள். சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று, கையை வைத்துப் பார்த்து, "தாங்குமா?" என்று கேட்டாள். கதாநாயகியே உட்கார்ந்த சுவர் என்றேன். அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பைத் தூக்கிக் காட்டி என்னவோ சொல்லத் தொடங்கினாள். முதலில் போட்டோ, அப்புறம் பேச்சு என்றேன். நன்றாகச் சாய்ந்து சிரி, படத்தில் அப்படித்தான் என்றேன். சாய்ந்தாள்.

படத்தில் கதாநாயகன் ஓடிவந்து பிடிப்பான். என் கையில் கேமரா இருந்தது.

மாசி மாதம். கிணற்றில் தண்ணீர் இல்லை, பாறைதான். நான் அவளைத் தொடவில்லை. அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இற்றுப்போன செட்டை விட்டுப் போனதற்காக ஊரே சினிமாக்காரர்களைத் திட்டியது. நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

மறுநாள் உடலை எடுப்பதற்கு முன்னால் ஒரு பெரியவர் கோடிச் சேலையோடு வந்தார். கக்கத்தில் குடை. என் மாமனார் தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டார். பிறந்த வீட்டுக் கோடியை அவர்தான் போர்த்தினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பதினஞ்சு வருசங்கழிச்சு எம்புள்ளையக் கண்ணால பாத்தேன், மாப்பிள. ஒரே ஒரு சேலைதான் எடுத்துக் குடுத்தேன். 'அவியகிட்ட நானே சொல்லுதேன் மாமா'ன்னா."

காபி குடியுங்கள் என்றேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு, கடம்பூர் பெஞ்சில் அவளோடு உட்கார்ந்திருந்த ஆள் யார் என்று கேட்கிறீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? அவள்தான் கடைசிவரை சொல்லவே இல்லையே.