சத்தமில்லாத ஆட்டோவும் என் தங்கை சுமதியும்

பருத்தியை வாங்கி விற்றுப் பருத்தியைப் போலவே மனதையும் வெள்ளையாக வைத்திருப்பவரும், மூட்டை அடுக்கும் தன் கிட்டங்கி வாசலையே இன்று நாம் திறக்கும் மின்னேற்றும் நிலையத்துக்கு வாடகை கேட்காமல் விட்டுக்கொடுத்தவருமான அவைத்தலைவர் மதார் சாகிபு அவர்களே! அவர் அருகில் அமர்ந்து, என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட ஊர்ப் பெரியவர்களே! வெயிலோடு வேலை பார்த்து, வேலையோடு வீடு பார்த்து, வந்தவர் வயிறு வாடாமல் பார்க்கும் எம்.ரெட்டியபட்டித் தாய்மார்களே! பின்வரிசையில் கைகட்டி நிற்கும் ஆட்டோ ஓட்டுநர் தம்பிகளே! உங்கள் அனைவருக்கும் சந்தனத்தின் வணக்கம்.

சந்தனம் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அருப்புக்கோட்டையில் ஆட்டோ உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். டீசல் ஃபில்டர் விற்கிறேன், எஞ்சின் ஆயில் விற்கிறேன், புகைபோக்கிக் குழாய் விற்கிறேன். இவை விற்றால்தான் என் வீட்டில் உலை கொதிக்கும். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, மாலை போட்டு, டீசலை விடுங்கள், மின்சார வண்டிக்கு மாறுங்கள் என்று பேசு என்கிறீர்களே, இது நியாயமா? கோழியைக் கூப்பிட்டு அதன் கையிலேயே மசாலாவைக் கொடுத்து அரைக்கச் சொன்ன கதையாக அல்லவா இருக்கிறது!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனாலும் வந்துவிட்டேன். ஏன் வந்தேன்? யாருக்காக வந்தேன்? மூன்றாவது வரிசையில், ஊதாச் சேலை கட்டிக்கொண்டு, என் பேரைச் சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே மிரட்டிக்கொண்டிருக்கிறாளே, என் தங்கை சுமதி, அவளுக்காக வந்தேன். சொல்லிவிட்டேன் தாயி, இனி நீ கோபப்பட்டு என்ன செய்ய?

கன்னிப்பருவத்தில் நூற்பாலைக்குப் போனாள் சுமதி. பஞ்சுத் தூசி நெஞ்சில் குடியேறியது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தாள். இளைப்பும் சீர்வரிசையில் சேர்ந்து வந்துவிட்டது. போனில் என்னைக் கூப்பிட்டால், அண்ணே என்பதற்கு ஒரு மூச்சு. நல்லா இருக்கியா என்பதற்கு ஒரு மூச்சு. மதினி எப்படி இருக்காக என்பதற்கு இன்னொரு மூச்சு. இடையில் அவள் மூச்சு வாங்கும் ஓசையை நான் காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். கடையில் எத்தனை பேர் நின்றாலும் காத்திருப்பேன். கூடப்பிறந்தவள் மூச்சுக்குத் தவிப்பதைக் கேட்டுக்கொண்டு ஒரு அண்ணன் என்ன செய்ய முடியும் சொல்லுங்கள்.

அவள் புருஷன் யார்? உங்களுக்கெல்லாம் தெரிந்த முத்துராஜ். இந்த ஊருக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றியிருக்கிறார், பருத்தி மூட்டையை ஏற்றியிருக்கிறார், கல்யாண வீட்டு அண்டாவை ஏற்றியிருக்கிறார், ஆட்டுக்குட்டியைக்கூட ஏற்றியிருக்கிறார். ஊரையே ஏற்றிய அந்த மனிதரால் ஒருத்தியை மட்டும் ஏற்ற முடியவில்லை. பெண்டாட்டியை!

டீசல் புகை அவளுக்கு ஆகாது. வண்டி உறுமிக் கிளம்பினால் அவளுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால், புருஷன் ஆட்டோ முன்னால் போகும். பெண்டாட்டி பின்னால் பஸ்ஸில் போவாள். இறங்குகிற இடத்தில் இவர் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, சட்டையை உதறிக்கொண்டு அவளிடம் நடந்து வருவார். சட்டையில் புகை நாற்றம் இருந்தால் அவளுக்கு இருமல் வருமாம். உதறி உதறியே அந்தச் சட்டைகள் நைந்துபோயின.

ஒருநாள் என் கடைக்கு வந்தார். ஃபில்டர் வேண்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மச்சான், கரண்டு ஆட்டோ எப்படி? ஒங்க தங்கச்சிய ஒருநாளாச்சும் என் வண்டியில கூட்டிட்டுப் போகணும்."

வியாபாரியாக இருந்தால் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வேண்டாம் மாப்பிள்ளை, அதெல்லாம் நம்ம ரோட்டுக்கு ஒத்துவராது என்றிருக்க வேண்டும். அண்ணனாகப் போய்விட்டேனே! அன்றே கடையைச் சாத்திவிட்டு அவரோடு விசாரிக்கக் கிளம்பினேன்.

என்ன சபீர், கை தூக்குகிறீர்கள்? வளைகுடாவில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர், சரியான கேள்வியாகத்தான் கேட்பார். விலை கூடுதலாயிற்றே என்கிறார். உண்மை. வாங்கும்போது விலை கூடுதல்தான், மறைக்கமாட்டேன். ஆனால் அந்தப் பாரத்தை இறக்கத் தோள் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்றைய தேதிக்கு நம் மாநிலத்தில் மின்சார வண்டிக்குச் சாலை வரி விலக்கு இருக்கிறது. ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம்தான், டீசல் வண்டிக்கு அதைவிட அதிகம். மத்திய அரசின் மானியம் நடப்பில் இருக்கிற காலத்தில், அதற்குத் தகுதியான வண்டி என்றால், விலையிலேயே கழித்துக்கொண்டு கொடுப்பார்கள்; நீங்கள் அலைய வேண்டியதில்லை. ஆனால் சலுகை என்பது வரும், குறையும், முடியும். வாங்குகிற அன்றைக்கு ஷோரூமிலும் ஆர்.டி.ஓ. ஆபீசிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மேடையில் சந்தனம் சொன்னான் என்று பிறகு என் சட்டையைப் பிடிக்காதீர்கள், இருப்பதே நல்ல சட்டை ஒன்று.

வாங்கின பிறகு? டீசலுக்குக் கொடுப்பதில் சிறு பங்குதான் கரண்டுக்கு ஆகிறது. ஆயில் மாற்ற வேண்டாம். ஃபில்டர் வேண்டாம். புகைபோக்கியே இல்லாத வண்டிக்குப் புகைபோக்கிக் குழாய் எதற்கு? ஆக, முத்துராஜ் என் கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். காப்பி குடிக்க மட்டும் வருகிறார், அதுவும் என் செலவில். பேட்டரி பழசானால் செலவு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாரண்டி எவ்வளவு காலம் என்று பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கொரு வண்டி என்று அவசரப்பட வேண்டாம், விசாரித்து வாங்குங்கள்.

வண்டி வந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது, சூடம் எரிந்தது. என் தங்கை ஏறினாள். இங்கிருந்து அருப்புக்கோட்டை வரைக்கும் அவள் ஒரு தடவைகூட இருமவில்லையாம். இறங்கும்போது, வழியில் இத்தனை வேப்பமரம் இருக்கிறதா என்று கேட்டாளாம். பஸ்ஸில் போகும்போதெல்லாம் மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு குனிந்தே போனவள், அன்றுதான் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்திருக்கிறாள். இதைச் சொல்லும்போது முத்துராஜ் அழுதார். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

இதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். முடியவில்லை. ஏன் முடியவில்லை? நம் ஊர் வழக்கம் அப்படி!

ஆட்டோவுக்காக நாம் ரோட்டில் நிற்போமா? நிற்கமாட்டோம். நிற்க நிழல் எங்கே இருக்கிறது? வீட்டுக்குள் தலைவாரிக்கொண்டு இருப்போம். டடடட என்று சத்தம் கேட்டதும், முத்துராஜ் வண்டி வருது என்று சீப்பைக் கூரை எறவானத்தில் செருகிவிட்டு ஓடிவருவோம். எந்த வண்டி, யார் வண்டி, இன்னும் எவ்வளவு தூரத்தில் வருகிறது, எல்லாம் காதுக்குத் தெரியும். அந்தச் சத்தம்தான் நமக்கு நேரம். அந்தச் சத்தம்தான் நமக்கு அழைப்பு. புது வண்டியில் அதுதான் இல்லை!

சத்தமில்லாமல் வந்தது வண்டி, சத்தமில்லாமல் போனது. ஒரு ஆள் வெளியே வரவில்லை. தலைவாரி முடித்து, பவுடர் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால் வண்டி ஊர் எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஊர் என்ன நினைத்தது? கனகலட்சுமி அக்கா என் கடைக்கே வந்து சொன்னார்கள். "புது வண்டி வாங்குனதும் அவுகளுக்கு நாமல்லாம் கண்ணுல படல." முத்துராஜ் என்ன நினைத்தார்? புது வண்டி வாங்கியதில் ஊருக்குப் பொறாமை, யாரும் ஏறமாட்டேன் என்கிறார்கள் என்று நினைத்தார். இவர்களுக்கு அவர் மேல் கோபம். அவருக்கு இவர்கள் மேல் வருத்தம். காலி வண்டி போகும், காலி வண்டி வரும். பேசித் தீர்க்க ஒரு நிமிடம் போதும். ஆனால் நம் ஊரில் முறைத்துக்கொண்டால் யார் முதலில் பேசுவது?

ஹாரன் அடிக்கலாமே என்கிறீர்களா? அடித்தார். ஆடு ஒதுங்கியது. சைக்கிள் ஒதுங்கியது. ஹாரன் என்றால் ஒதுங்கு என்றுதானே நமக்கு அர்த்தம்? வா என்று ஹாரனுக்குச் சொல்லத் தெரியாது ஐயா!

கடைசியில் முத்துராஜ் மனம் வெறுத்துப்போய், காரியாபட்டியில் ஒருவர் விலைக்குக் கேட்கிறார், வண்டியைக் கொடுத்துவிட்டுப் பழையபடி டீசல் வண்டிக்கே போய்விடுகிறேன் என்று என்னிடம் வந்து நின்றார். அப்படியானால் சுமதி? மறுபடியும் பஸ். மறுபடியும் மூக்கை மூடிய சேலை. மறுபடியும் தள்ளி நின்று சட்டையை உதறும் புருஷன். டீசல் வண்டி திரும்பினால் என் கடைக்கு ஒரு வாடிக்கை திரும்பும். அந்த வியாபாரம் எனக்கு எதற்கு? வேண்டாம் மாப்பிள்ளை, பொறுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். பொறுத்து என்ன செய்வது, கோளாறு சத்தம் இல்லாததில்தான் இருக்கிறது என்றெல்லாம் எனக்கும் அப்போது தெரியவில்லை.

தெரிந்தது யாருக்கு? அவளுக்கு! மறுநாள் காலையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலி வண்டியில் புருஷனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். தெருமுனைக்குத் தெருமுனை வண்டியை நிறுத்தச் சொன்னாள். தலையை வெளியே நீட்டினாள். கூப்பிட்டாள்! என்னிடம் அண்ணே என்று சொல்ல ஒரு மூச்சு வேண்டியவள், ஊரைக் கூப்பிட்டாள். கனகலட்சுமி அக்கா கதவைத் திறந்து, சுமதியா கத்துறா, ஒனக்கு இருமல் வரலையாடி என்று கேட்டுக்கொண்டே வந்து ஏறினார்கள். அப்போதுதான் விஷயம் விளங்கியது ஊருக்கும், முத்துராஜுக்கும். கோபம் போன இடம் தெரியவில்லை. வண்டியில் இடமும் தெரியவில்லை, அத்தனை கூட்டம்!

அவள் நோய் போய்விட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். மருந்து உறிஞ்சும் குழாய் இப்போதும் அவள் மணிபர்ஸில் இருக்கிறது. தினமும் கத்தினால் உடம்பு தாங்குமா என்று முத்துராஜ் கவலைப்பட்டார். அதற்கும் நம் ஊரில் வழி இருக்கிறதே! வெங்காய வண்டிக்காரர் என்ன செய்கிறார்? ஒரு தடவை பேசிப் பதிந்துவிட்டு, நாள் முழுக்க வாயைத் திறக்காமல் விற்கிறார். சபீர்தான் அதேபோல ஒரு சின்ன ஒலிபெருக்கியை வாங்கி ஆட்டோவில் மாட்டிக்கொடுத்தார். சுமதி குரலைப் பதிந்தார்கள். ஒரே தடவைதான் பதிந்தார்களாம்.

தாய்மார்களே, பெரியோர்களே! மிச்சம் என்று சொன்னேன், மானியம் என்று சொன்னேன், வரி விலக்கு என்று சொன்னேன். அதெல்லாம் தேவைதான். வயிறு நிறைந்தால்தானே வண்டி ஓடும். ஆனால் நம் வண்டிகள் விடும் புகையை யாரோ ஒருவர் மூச்சில் வாங்கிக்கொண்டிருக்கிறார். யார் அவர்? உங்கள் வீட்டில் இருக்கலாம். அடுத்த வீட்டில் இருக்கலாம். எனக்கு, என் தங்கை. அந்த மூச்சுக்காக என் கடையில் நாலு ஃபில்டர் விற்காமல் போகட்டும், நான் தாங்கிக்கொள்வேன். புது வண்டிக்கு டயர் தேய்ந்துதானே ஆக வேண்டும்? டயர் விற்றுப் பிழைத்துக்கொள்கிறேன்.

இந்த நிலையத்தின் சுவிட்சைத் தலைவர் போட வேண்டும் என்று அழைப்பிதழில் இருக்கிறது. மதார் சாகிபு இப்போதுதான் என் காதில் சொன்னார், "அந்தப் புள்ளையப் போடச் சொல்லுங்க" என்று. சுமதி, எழுந்து வா தாயி. முறைத்தது போதும்.

அவள் வருவதற்குள் முடித்துக்கொள்கிறேன். இடம் தந்த பெரியவருக்கும், இவ்வளவு நேரம் வெயிலோடு என்னையும் சேர்த்துப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் நன்றி. அதோ, டவுனுக்குப் போகிற வண்டி நேரத்துக்குப் புறப்படுகிறது, முத்துராஜ் சவாரிக்கு நிற்பார், என் பேச்சுக்கு நிற்கமாட்டார். மைக்கைக் கொஞ்சம் அணையுங்கள் தம்பி. எல்லோரும் காதைக் கொடுங்கள். அந்த ஒலிபெருக்கியில் என் தங்கை பேசுகிறாள்.

"ரெட்டியபட்டி ஆட்டோ வந்திருச்சு, டவுனுக்கு வாரவுக வாங்க, ஓடி வரவேணாம், மெதுவா வாங்க, நீங்க வார வரைக்கும் வண்டி நிக்கும்."

கேட்டீர்களா? அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறாள்.

வணக்கம்.