அரியலூரில் சங்கீதம் எங்கே?

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் ராசாங்கம் அய்யா அவர்களே! இந்த வாசகசாலையை வளர்த்த பெரியோர்களே! கைக்குழந்தையோடு வந்து கடைசி வரிசைவரை நிறைந்திருக்கும் தாய்மார்களே! ஜெயங்கொண்டத்திலிருந்தும் தா.பழூரிலிருந்தும் வண்டி கட்டி வந்த நண்பர்களே! கிளாரினெட் வாசிக்கும் சவரியாரின் வணக்கம்.

நம் ஊரை ரசிப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். ஊதிப் பழகிய வாய்க்கு உரையாற்ற வருமா? ஆயினும் இன்று வாய்மூடி இருக்க என்னால் இயலவில்லை. வாத்தியக்காரர்கள் நாங்கள் மாலைதோறும் கூடி வாசிக்கும் இந்த வாசகசாலை மாடியறை, கடலை மூட்டை அடுக்க வாடகைக்குப் போகிறது. கூட்டம் முடிந்ததும் சாவி கைமாறுமாம்.

சென்ற மாதம் சிதம்பரத்திலிருந்து ஒரு ரசிகர் ரயிலேறி வந்தார். கீழே காப்பிக் கிளப் நடத்தும் அங்கமுத்து அண்ணனிடம், "இந்த ஊரில் நல்ல சங்கீதம் எங்கே கேட்கலாம்?" என்றார். அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா?

"இங்க ஏதுங்க சங்கீதம்? அதுக்கெல்லாம் திருச்சிக்குத்தான் போவணும். காப்பி குடிச்சிட்டு ரயிலப் புடிங்க!"

அந்நேரம் மாடியில் நம் அய்யம்பெருமாள் நாகசுரத்தில் தோடியைப் பொழிந்துகொண்டிருந்தார்! "மேலே கேட்கிறதே, அது?" என்றாராம் வந்தவர்.

"அதுங்களா? அது தினம் கேக்குறதுதாங்க!"

சிரிக்காதீர்கள். அண்ணே, எழுந்து போகாதீங்க, ஒங்க மேல கோவமில்ல. ஆனால் கேள்விப்பட்டபோது எனக்கு வலித்தது. தினம் உண்பதால் சோறு சோறில்லாமல் போகுமா? தினம் கேட்பதால் தோடி தோடியில்லாமல் போகுமா? அயலூருக்கு ஆயத்தமாகும் செவி, அண்டைவீட்டுக்கு அடைத்துக்கொள்வதேன்?

ரசிக்க வழி கேட்கிறீர்களா? சந்தையன்று கலியம்மாள் கத்திரிக்காய் கூவுவதை நின்று கேளுங்கள், சுருதி விலகாது. ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவில் எங்கள் பாடற்குழுவின் பின்னே நடந்து பாருங்கள். பொழுது சாய்ந்ததும் இந்த மாடிக்கு வாருங்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஏறி வந்தவர் எவராயினும் கைத்தாளம் போடவேண்டும். பண்டிதரா என்று பார்ப்பதில்லை. பிசகினாலும் பிடித்துத் தள்ளுவதில்லை. வண்டிக்கார மாயவன் வெகுநாள் தப்பாகவே போட்டார். இன்று அவர் கையை நம்பித்தான் நாங்கள் வாசிக்கிறோம். சும்மா கேட்பவருக்கு அது சத்தம். தாளம் போட்டவருக்கு அது சொந்தம்!

யாரோ கேட்கிறார்கள்: "வாடக வரலேன்னா பேப்பரு எப்படிங்க வாங்குறது?"

நியாயமான கேள்வி. மாதம் ஒரு கச்சேரி இதே மேடையில் வாசிக்கிறோம். தட்டில் விழுவதெல்லாம் வாசகசாலைப் பத்திரிகைக்கு. எங்களுக்கு அந்த அறை போதும். அறை போனால் நாங்கள் வெவ்வேறு திசையில் பிரிந்துவிடுவோம், அய்யா. அதுதான் என் பயம்.

இனிப் பேச்சு வேண்டாம். அய்யம்பெருமாள், வாசியுங்கள்! ஆதிதாளம்! தாய்மார்களே, பெரியோர்களே, கையெடுங்கள்! மாடி வழக்கம் இன்று மன்றத்துக்கு வரட்டும்!

ஆகா, கொட்டகையே ஒரு கையாகிவிட்டதே! கொஞ்சம் பொறுங்கள்... அந்தக் கணீரென்ற ஓசை எங்கிருந்து வருகிறது? தலைவர் அய்யா மாடிச் சாவியாலேயே மேசையில் தாளம் போடுகிறார்! அய்யா, அது கைமாறுமா?

இல்லையென்று தலையசைக்கிறார்... சாவியைத் தம் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார்!

நெஞ்சு நிறைந்திருக்கிறது. தாளம் போட்ட அத்தனை கைகளுக்கும் என் கைகூப்பிய நன்றி. அங்கமுத்து அண்ணே, இனிமே யாராச்சும் வந்து கேட்டா, மேல கையக் காட்டுங்க. வணக்கம்!