இருபத்திரண்டு அட்டைகள்

உங்கள் நாற்காலி கொஞ்சம் உயரம். குறையாகச் சொல்லவில்லை. பதினோரு வருஷமாக முழங்கால் உயரம்கூட இல்லாத குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்தே பழகிய இடுப்பு இது. பெரியவர்களின் நாற்காலி கிடைத்தால் கொஞ்சம் திகைத்துப்போகிறது. டீ வேண்டாம், தண்ணீர் போதும். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன்.

தொழில் என்ற இடத்தில் 'தன்னார்வலர், மழலையர் பள்ளி' என்று போட்டுக்கொள்ளுங்கள். சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறவரை மரியாதையாக அப்படித்தான் சொல்வார்கள். காலை எட்டு மணிக்குப் போவேன். மூக்கு துடைப்பது, ஷூ மாட்டிவிடுவது, அம்மாவைத் தேடி அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொரு பிள்ளையின் வாந்தியைத் துடைப்பது என்று மூன்று மணிவரை ஆர்வமாக இருப்பேன். வருஷக் கடைசியில் பாராட்டுச் சான்றிதழ் ஒன்றும் வெறும் பூந்தொட்டி ஒன்றும் தருவார்கள். வீட்டு ஜன்னலில் பதினோரு தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. "அடுத்த வருஷமாவது உள்ள ஒரு செடி வச்சுத் தரச் சொல்லு" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்குப் பொதுச்சேவை புரியாது.

அங்கே ஓர் எழுதாத சட்டம் உண்டு. சம்பளம் வாங்குகிறவர் 'மிஸ்'. வாங்காதவர் 'அத்தை'. யார் சொல்லிக்கொடுப்பார்களோ தெரியாது, பிள்ளைகள் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொண்டுவிடும். சிவப்பு எது, பச்சை எது என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை 'பணி அறிமுக நாள்' என்று ஒன்று நடத்துவார்கள். சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்ய ஆசைப்படும் இளைஞர்கள் வந்து சுற்றிப்பார்க்கலாம். கூடத்தில் ஒரு பெரிய பலகை வைத்திருப்போம். மேல் வரிசையில் வகுப்பு ஆசிரியர், உதவி ஆசிரியர், சமையலர், அலுவலகப் பணியாளர். கீழ் வரிசையில் கதை வாசிப்பவர், தோட்டத் துணை, பொம்மை பழுதுபார்ப்பவர், 'பொதுவான உதவி'. அந்தப் பொதுவான உதவி நான்தான். "மேல் வரிசை சம்பளத்துக்கு, கீழ் வரிசை மனநிறைவுக்கு" என்று விளக்கிச் சொல்வதும் நான்தான். எல்லாரும் சிரிப்பார்கள். அடுத்த வருஷம் அவர்களில் யாராவது ஒருவர் மேல் வரிசையில் வந்து உட்கார்ந்திருப்பார். கழிப்பறை எந்தப் பக்கம் என்று நான் காட்டிக்கொடுத்தவரை நானே 'மிஸ்' என்று கூப்பிட வேண்டியிருக்கும்.

நான் விண்ணப்பிக்கவில்லையா என்றால், எட்டு தடவை விண்ணப்பித்தேன். தலைமை மிஸ் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அத்தை, நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர். குடும்பத்துல இருக்கறவங்கள யாராவது வேலைக்கு எடுப்பாங்களா?" என்பார். நியாயமான கேள்வி. எட்டு தடவையும் எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்த வருஷம் எனக்கு வரவேண்டிய வகுப்புக்குப் புது மிஸ் வந்தாள். போன வருஷம் பணி அறிமுக நாளில் வாயைப் பிளந்துகொண்டு என் பின்னாலேயே சுற்றியவள். இருபத்து மூன்று வயது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. "அத்தை, இவன் ஏன் சாப்பிட மாட்டேங்கறான்?" "அத்தை, இவளை எப்படித் தூங்க வைக்கிறது?" எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்பாள். நான் சொல்வேன், அவள் செய்வாள், பெற்றோர் வந்து அவளைப் புகழ்வார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இப்போது அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் யோசனை. இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு மிருகம் வரைந்து, வெட்டி, ஓட்டை போட்டு நூல் கோத்தவள் நான். கதவுக்குப் பக்கத்தில் இரண்டு பலகைகள்: 'வெளியே', 'உள்ளே'. தோட்டத்துக்குப் போகும்போது பிள்ளையின் அட்டை வெளியே பலகைக்குப் போகும். திரும்பி வந்ததும் உள்ளே பலகைக்கு. மிஸ் அட்டைகளை எண்ணிப்பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவாள். தலைகளை எண்ணினால் என்ன என்று கேட்பீர்கள். நான்கு வயதுத் தலை ஒரு இடத்தில் நிற்காது. அட்டை நிற்கும். இந்த முறையைத் தொடங்கிய வருஷம் எனக்குக் கொஞ்சம் பெரிய பூந்தொட்டி கிடைத்தது. அதற்கப்புறம் அங்கே யாரும் பிள்ளைகளை எண்ணியதே இல்லை.

நீங்கள் கேட்கிற அந்தக் குழந்தையின் அட்டை முயல். அதனால் எல்லாருமே அவளை முயல் என்றுதான் கூப்பிடுவோம். அவ்வளவு சொன்னபேச்சு கேட்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. வாயை மூடச் சொன்னால், "எப்பத் திறக்கலாம் அத்தை?" என்று கேட்டுவிட்டுத்தான் மூடுவாள். தூங்கவைப்பதற்கு முன் வகுப்பை அடக்க நான் ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். எல்லாரும் முயல்குட்டிகள், பொந்துக்குள் இருக்கிறார்கள், வெளியே நரி அலைகிறது. நரி பொல்லாதது, யார் குரலில் வேண்டுமானாலும் கூப்பிடும். மிஸ் குரலில் கூப்பிடும், அம்மா குரலில்கூடக் கூப்பிடும். நம்பக்கூடாது. அத்தை வந்து காதைத் தொட்டு, "நரி போயிடுச்சு" என்று சொல்லும்வரை மூச்சு விடக்கூடாது. மற்றப் பிள்ளைகள் அரை நிமிஷத்தில் சிரித்துவிடும். முயல் சிரித்ததே இல்லை.

போன வியாழக்கிழமை காலையில் நிர்வாகக் குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். வழக்கமான பார்வையிடல் என்று நினைத்தேன். அலுவலகத்தில் டீ குடித்துவிட்டு முதலில் புது மிஸ்ஸின் வகுப்புக்குத்தான் வருவார்கள். தோட்டத்து விளையாட்டு முடிந்து பிள்ளைகள் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தபோது, நான் முயலைத் தோட்டத்து மூலையில் இருக்கும் தகரக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். மணல் வாளி, மூன்று சக்கர வண்டி, பழைய தார்ப்பாய் எல்லாம் போட்டுவைக்கிற இடம். "நரி வருது. தார்ப்பாய்க்கு அடியில படுத்துக்கோ." "எப்ப வருவீங்க அத்தை?" "இதோ, உடனே." கதவு காற்றில் அடித்துக்கொள்ளக் கூடாதே என்று வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். உள்ளே வந்து முயல் அட்டையை 'உள்ளே' பலகையில் மாட்டினேன். புது மிஸ் எண்ணினாள், இருபத்திரண்டு. கதவைச் சாத்திவிட்டுக் கதைப் புத்தகத்தை எடுத்தாள்.

கால் மணி நேரம்தான் திட்டம். குழுவினர் வகுப்புக்குள் வந்து நின்றதும் நான் முயலின் கையைப் பிடித்துக்கொண்டு நுழைவேன். "மிஸ், இவளத் தோட்டத்துலயே விட்டுட்டு வந்துட்டீங்களே" என்பேன், கோபமே இல்லாமல். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. புது மிஸ்ஸுக்கு மட்டும் வேறு வேலை தேடவேண்டியிருக்கும். அந்த வயதில் அது ஒரு பெரிய விஷயமா?

குழுவினர் வகுப்புக்கு வரவில்லை. தலைமை மிஸ்தான் வந்தார். "அத்தை, உங்களத்தான் தேடிட்டிருக்கேன். வாங்க." விஷயம் தெரிந்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன். அலுவலகத்தில் மூன்று பேரும் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கப் புதிதாக ஒரு பதவி, சம்பளத்தோடு. நேர்காணல் வெறும் சம்பிரதாயம்தானாம். பரிந்துரைக் கடிதத்தை என் முன்னால் வைத்தார்கள். இரண்டு பக்கம், அழகான கையெழுத்து. 'எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தையிடம் கற்றது' என்று ஆரம்பித்திருந்தது. எழுதியவள் புது மிஸ்.

நல்ல பெண். ஆனால் பாருங்கள், என்னிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு சிரமமும் வந்திருக்காது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உட்காரச் சொன்னார்கள். பெரிய நாற்காலி, கைப்பிடி வைத்தது. அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முயல் ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். 'ஒரு நிமிஷம்' என்று எழுந்து போயிருக்கலாம். ஆனால் நேர்காணலில் நடுவில் எழுந்து போகிறவரைப் பற்றி என்ன நினைப்பார்கள்? எழுந்திருக்க மனம் வரவில்லை. சம்பிரதாயம் ஒன்றரை மணி நேரத்துக்குமேல் நீண்டது. அன்று நல்ல வெயில். அலுவலகத்தில் மின்விசிறியை இரண்டு முறை கூட்டிவைத்தார்கள்.

நடுவில் புது மிஸ் கதவைத் தட்டினாள். முகம் வெளுத்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டு மிச்சமாம். "அத்தை, முயல் இங்க வந்தாளா?"

"இங்க வரலையேம்மா" என்றேன். அது உண்மை.

"அட்டை உள்ளதான இருக்கு? அப்ப உள்ளதான் எங்கேயாவது இருப்பா, தேடிப் பாரு" என்றார் தலைமை மிஸ். அவள் ஓடினாள். குழுவில் கண்ணாடி போட்டவர் அடுத்த கேள்விக்குப் போனார்: நெருக்கடி நேரத்தில் எப்படி நடந்துகொள்வீர்கள்? பதற மாட்டேன் என்றேன். மூவரும் குறித்துக்கொண்டார்கள். இந்த வேலைக்கு உங்கள் பெரிய பலம் எது என்றார்கள். "குழந்தைங்க நான் சொன்னா கேப்பாங்க" என்றேன்.

நியமனக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது கட்டடமே அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது. கழிப்பறை, அலமாரி, கட்டிலுக்கு அடி, துணிக்கூடை என்று எல்லாம் உள்ளேயே தேடினார்கள். அட்டை உள்ளே என்று சொல்கிறதே. இப்போது நான் நேராகக் கொட்டகைக்குப் போனால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கடிதத்தில் மை காயவில்லை. அதனால் நானும் அவர்களோடு சேர்ந்து தேடினேன். எல்லாரையும்விட நன்றாகத் தேடினேன் என்று பிறகு தலைமை மிஸ்ஸே சொன்னார்.

கடைசியில் குழாயைச் சுருட்டி வைக்கப்போன தோட்டக்காரர்தான் கதவைத் திறந்தார். இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தாளாம். உடம்பு கொதித்ததாம், நினைவு இல்லையாம். ஒரு கை மட்டும் வாயை இறுக்கப் பொத்தியபடியே இருந்தது என்று அந்த மனுஷன் சொல்லிச் சொல்லி அழுதார்.

புது மிஸ்ஸை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "நான்தான் எண்ணினேன், நான்தான் எண்ணினேன்" என்று தலையிலடித்துக்கொண்டாள். அழுகிறவரை நடுவில் நிறுத்தித் திருத்துவது பண்பாக இருக்காது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். என்னைக் கட்டிக்கொண்டாள்.

நான்கு வயதுக் குழந்தை உள்ளே இருந்துகொண்டு வெளித்தாழ்ப்பாளை எப்படிப் போடும் என்று இந்த ஆறு நாளில் முதலில் யோசித்தவர் நீங்கள்தான். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். தாழ்ப்பாள் போட்டது நான். அட்டையை மாற்றியது நான். தெரிந்தே நாற்காலியில் உட்கார்ந்திருந்ததும் நான். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். அந்த நியமனக் கடிதத்தை இதுவரை யாரும் எழுத்தில் ரத்து செய்யவில்லை, அதையும் ஓரமாகக் குறித்துவைத்தால் நல்லது.

உடம்பு தேறிவிட்டது, கண் விழித்துவிட்டாள், காதும் நன்றாகக் கேட்கிறது என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். ஆனால் ஆறு நாளாக ஒரு சத்தம்கூட இல்லை, அவள் அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ராப்பகலாகக் கூப்பிடுகிறாள், அம்மா கூப்பிடக் கூப்பிடக் குழந்தை போர்வைக்குள் போய்ச் சுருண்டுகொள்கிறது, காரணம் யாருக்கும் புரியவில்லை என்றீர்கள். எனக்குப் புரிகிறது. குழந்தைமேல் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். நேர்காணலில் நான் சொன்னது வெறும் பேச்சில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். குழந்தைகள் நான் சொன்னால் கேட்பார்கள். நான் இன்னும் போய் அவள் காதைத் தொடவில்லை, அவ்வளவுதான்.