சீசரின் தட்டு

நாய் பிஸ்கட்டை வெறுமனே போட்டால் எந்த நாயும் நாலாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஐயா. தினமும் அதே உப்புமா என்றால் நாம் மட்டும் தின்போமா? அதற்காகப் பிஸ்கட்டை நிறுத்திவிடவும் கூடாது, பல்லுக்கு அது நல்லது. மேலே போடுவதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை முதலில் சொல்லாவிட்டால் மற்றது உங்களுக்கு விளங்காது.

என் பெயர் துரைக்கண்ணு. பட்டு முதலாளி திருஞானசம்பந்தம் வீட்டில் சீசரைப் பார்த்துக்கொள்கிறேன். சீமைக்கே திரும்பிப் போன வெள்ளைக்காரரிடமிருந்து முதலாளி வாங்கிய அல்சேஷன் அது. பிஸ்கட் டப்பா மெட்ராஸிலிருந்து வரும். செங்கல்லைக் கடிப்பது போலிருக்கும். மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கேட்டுக்கேட்டு நானே எல்லாம் கற்றுக்கொண்டேன். வேகவைத்த பூசணி வயிற்றுக்கு நல்லது. கேரட்டைத் துருவிப் போடலாம். வெயில் காலத்தில் ஒரு கரண்டி தயிர். வாரத்துக்கு மூன்று முட்டை, ஆட்டு ஈரல் கொஞ்சமே கொஞ்சம். உப்பு கூடாது, வெங்காயம் கூடவே கூடாது. சீசரின் முடி எப்படிப் பளபளத்தது தெரியுமா? முதலாளி வீட்டுப் பட்டெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அது சைவ வீடு. முட்டையும் ஈரலும் வாசற்படி தாண்டக்கூடாது. தோட்டத்துக் கொட்டகையில் அடுப்பு மூட்டி வேகவைப்பேன். பக்கத்திலேயே தறிக்கூடம். அதன் ஜன்னல் விளிம்பில் தட்டை ஆறவைத்துவிட்டு, சீசரைச் சர்வதீர்த்தக் குளம் வரை நடத்திக்கொண்டு போய் வருவேன். திரும்பி வரும்போது சாப்பாடு பதமாக ஆறியிருக்கும்.

வெள்ளிக்கிழமைதோறும் பெரிய தராசில் சீசரை நிறுப்போம். முப்பத்துநாலு கிலோ இருந்தது, ஆடி மாதம் முப்பதுக்கு வந்துவிட்டது. முதலாளி தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாய்க்கு போட்றத நீ துன்றியாப்பா? அடுத்த மாசம் ஏறலன்னா வேற ஆள பாத்துக்கறேன்" என்றார். எனக்குப் பெற்றவர்கள் இல்லை, ஐயா, பெண்டாட்டி இல்லை. கொட்டகையில் படுக்கை, பக்கத்தில் சீசர். அதை விட்டால் எனக்கு யாரும் கிடையாது.

ஆறவைத்த தட்டில் முட்டையும் ஈரலும் குறைவதை அப்புறம்தான் கவனித்தேன். எடுப்பது காக்கை என்று முதலில் நினைத்தேன். ஒன்றைப் பிடித்துக் கழுத்தைத் திருகி ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டேன். பிறகு பூனை என்று தோன்றியது. பட்டு வேகவைக்கும் கொப்பரை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது, ஒரு பூனையைப் பிடித்து அதில் போட்டேன். அது கத்துவதற்குக்கூட நேரம் இருக்கவில்லை. அப்படியும் முட்டை காணாமல் போனது. துணி துவைக்க வரும் லில்லி மேல் சந்தேகம் வந்தது. அந்த வளவில் முட்டை சாப்பிடுகிறவள் அவள் ஒருத்திதானே. கையைத் துவைக்கிற கல்மேல் வைக்கச் சொல்லி, உலக்கையால் ஒரே ஒரு அடி. இரண்டு விரல் போயிற்று. அவள் இல்லை என்று தெரிந்ததும் நானே மஞ்சள் அரைத்துக் கட்டுப் போட்டேன். தப்பை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

எடுத்தது அந்தத் தறிக்கூடத்தில் நெய்யும் தறிக்காரர் கைலாசம். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையத் தேவாரம். அவர் முட்டையைத் தொடுவார் என்று யார் நினைப்பார்கள்? ஒருநாள் குளத்துக்குப் போகாமல் மறைந்து நின்று பார்த்தேன். ஜன்னல் வழியே கை வந்தது. பிஸ்கட்டை விட்டுவிட்டு ஈரலையும் முட்டையையும் மட்டும் பொறுக்கி மந்தாரை இலையில் கட்டியது.

பிடித்ததும் அவர் என் காலில் விழப் பார்த்தார். "என் ஊட்டுக்காரி ரேணுகாம்பாளுக்கு கொழந்த பொறந்ததுலர்ந்து ஒடம்புல ரத்தமே இல்லப்பா. ஈரலும் முட்டையும் குடுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. இந்த பஞ்சத்துல அரிசிக்கே லைன்ல நிக்கிறேன். கையில காசு இருந்தாலும் எங்க தெருவுல அத வாங்கினு போவ முடியுமா? கஞ்சில மசிச்சி குட்த்துட்றேன், அவளுக்கே தெரியாது. மொதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதப்பா."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, நான் கல்நெஞ்சன் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம் அவர். "நாய்க்கி போட்றதுதானே, ஒன்னு கொறஞ்சா அதுக்கு தெரியவா போவுது?" என்றும் சொன்னார்.

"தெரியும்பா" என்றேன். முதலாளியிடம் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

தறியில் கைலாசத்தின் பழைய துண்டு ஒன்று கிடந்தது. ஒரு வைக்கோல் பொம்மை செய்து, ஈரலை அந்தத் துண்டில் முடிந்து பொம்மையின் கழுத்தில் கட்டினேன். கிழித்தால்தான் தின்னலாம். பதினைந்து நாளில் சீசர் நன்றாகப் பழகிவிட்டது. விளையாட்டு என்றுதான் அது நினைத்தது, பாவம்.

அமாவாசையன்று தறி ஓடாது. முதலாளி குடும்பம் கோயிலுக்குப் போய்விடும். "அன்னிக்கி வாங்க, முழு ஈரலும் தரேன். தறிக்குழியில எறங்கி உக்காந்துக்கோங்க. யாராச்சும் பாத்தா அறுந்த இழை முடியறேன்னு சொல்லிக்கலாம்" என்றேன். அமாவாசையில் கவுச்சியைத் தொடுவதா என்று ஒரு நிமிஷம் தயங்கினார். அப்புறம் சம்மதித்தார்.

அதற்கு முந்தின இரண்டு நாளும் சீசருக்கு ஒன்றும் போடவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. அது என் கையையே நக்கிக்கொண்டிருந்தது.

காலையில் பத்து மணி இருக்கும். குழித்தறியை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஐயா. தொடை வரை கால் குழிக்குள், வயிற்றுக்கு நேரே நெய்த துணியைச் சுற்றும் படமரம். உட்கார்ந்தவர் சட்டென்று எழ முடியாது. வேகவைத்த முட்டை ஒன்றைக் கொடுத்தேன், முதலில் அதை மடியில் பத்திரப்படுத்தினார். ஈரலை அவருடைய துண்டிலேயே முடிந்து தோளில் போட்டுவிட்டேன். "நீ நல்லா இருக்கணும்பா" என்றார். நான் வெளியே வந்து சீசரை உள்ளே விட்டுக் கதவைத் தாழிட்டேன்.

ஒரு தடவைதான் கூப்பிட்டார். கூப்பிட்டது என் பெயரை. அதன்பிறகு குழிக்குள் கால்கள் மிதிகட்டையை மிதித்துக்கொண்டே இருந்தன. வெளியே நின்றவனுக்குத் தறி ஓடுவது போலத்தான் கேட்டது. ரொம்ப நேரம் ஓடியது. நின்ற பிறகு கதவைத் திறந்தேன். கழுத்து இருந்த இடத்தில் எலும்புதான் தெரிந்தது. தறியிலிருந்த வெள்ளைச் சேலை முழுக்க நனைந்து குழிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. சீசரின் வாயைத் துடைத்துவிட்டேன்.

நாய்க்கு வெறி பிடித்துவிட்டது என்று ஊரே நம்பிற்று. நானும் ஸ்டேஷனுக்கு வராமல் சும்மா இருந்திருப்பேன். ஆனால் நாளைக்கு நகராட்சி ஆள் துப்பாக்கியோடு வருகிறானாம். அது நியாயம் இல்லை, ஐயா. சொல்லிக்கொடுத்தவன் நான், தாழ்ப்பாள் போட்டவன் நான். சீசர் தன் சாப்பாட்டைத்தான் தேடிற்று. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கைலாசம் செத்த மூன்றாம் நாள் ரேணுகாம்பாளும் போய்விட்டாள் என்று இப்போதுதான் சொன்னீர்கள். ரத்தம் இல்லாத உடம்பு, ஒரு முட்டையால் பிழைத்திருக்கமாட்டாள்.

அந்த முட்டையா? அவர் மடியில் அப்படியே இருந்தது, கீறல்கூட விழவில்லை. சீசருக்கு உரியதை இன்னொருவர் தொடக்கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவும். எடுத்துக் கழுவி, மசித்து, பிஸ்கட்டுக்கு மேலே போட்டுத் தட்டை வைத்தேன். சீசருக்கு வயிறு நிறைந்திருந்தது, முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நல்ல முட்டை, ஐயா. வீணாக்குவானேன் என்று நானே சாப்பிட்டுவிட்டேன்.