நீளமான விடை

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாக இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் டீச்சரின் கணவரே, மகளே, ஆலையிலிருந்து வேலை உடையோடு வந்து நிற்கும் தோழர்களே, பயிற்சிப் பிரிவு நண்பர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

டீச்சர் என்றுதான் அவரை அழைத்தோம். ஆனால் அவர் எந்த வகுப்பறையிலும் நின்று பாடம் நடத்தியவர் அல்லர். இணையவழிப் பயிற்சிப் பாடங்களை உருவாக்கும் எங்கள் பிரிவின் தலைவர். வயதில் எனக்கு ஒன்பது ஆண்டு இளையவர். நான் நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு போவேன். "சார், இதைப் படிக்கிறவர் ஏணி பக்கத்துல நின்னுக்கிட்டுப் படிப்பாரு. கையுறையைக் கழட்டிட்டுத்தான் போனையே தொடணும். அவரை நெனச்சுப் பார்த்தீங்களா?" என்பார். நாற்பது பக்கம் ஆறாகும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த ஆறையும் படித்துப் பார்த்தால், விட்டுப்போனது ஒன்றும் இருக்காது.

டீச்சரின் இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு நான் பாராட்ட மட்டும் வரவில்லை. எட்டு வருடமாக நெஞ்சை அரிக்கும் ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

தொட்டிக்குள் இறங்கி வேலை செய்பவர்களுக்கு விஷவாயு பற்றி ஒரு பாடம் வெளியிட்டோம். கடைசியில் பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் திரையில் வரும் நான்கு விடைகளில் சரியானதைத் தொட வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதினார்கள். அத்தனை பேரும் தேறினார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. டீச்சருக்கு மட்டும் சந்தேகம். ஒருவர்கூடத் தவறவில்லை என்றால் எப்படி? வீட்டுக்குப் போய், பாடத்தைக் காட்டாமல் தேர்வை மட்டும் கணவரிடம் கொடுத்தார். கணவர் தையல்காரர். தொட்டியையும் அறியார், வாயுவையும் அறியார். பத்துக்கு ஒன்பது வாங்கினார்.

"எப்படிங்க?" என்று கேட்டிருக்கிறார் டீச்சர்.

"எது நீளமா இருந்துச்சோ அதைத் தொட்டேன். சரியான பதில்னாதானே இவ்வளவு மெனக்கெட்டு எழுதுவாங்க?"

அந்தக் கேள்விகளை எழுதியவன் நான். சரியான விடையில் ஒரு விவரமும் விட்டுப்போகக் கூடாது என்று நீட்டி நீட்டி எழுதினேன். தவறான விடைகளை ஏனோதானோ என்று இரண்டு சொல்லில் முடித்தேன். எத்தனை பேர் ஒன்றும் தெரியாமலே சான்றிதழோடு உள்ளே இறங்கியிருப்பார்கள்? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

மறுநாள் காலையிலேயே டீச்சர் அத்தனை சான்றிதழ்களையும் ரத்து செய்ய வைத்தார். தொட்டி வேலைகள் நான்கு நாள் நின்றன. விடைகளை ஒரே அளவாக்கி மறுபடி தேர்வு வைத்தோம். எழுபத்தொரு பேர்தான் தேறினார்கள். பிறகு பாடத்தையே மாற்றினார். வாயு அளக்கும் கருவியின் படம் திரையில் வரும், "இறங்கலாமா, கூடாதா?" என்று கேட்கும். பிழையாகத் தொட்டால், உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்லும். இங்கே நிற்கும் தோழர்கள் படித்தது அந்தப் பாடத்தைத்தான்.

வேலை நின்றது பற்றி நிர்வாகம் நடத்திய விசாரணையில், "கேள்விகளை எழுதியது யார்?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர், "பாடம் என்னுது. தப்பும் என்னுது" என்று சொல்லிவிட்டார். அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை.

வெளியே வந்து, "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"உங்களை அனுப்பிட்டு வேற ஆளை எடுத்தா, அவரும் இதே தப்பைப் பண்ணுவாரு. உங்களுக்கு இனிமே வராது. போய் வேலையைப் பாருங்க சார்" என்றார்.

போய் வேலையைப் பார்த்தேன். எட்டு வருடம் வேலையை மட்டும் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

டீச்சரின் மகளே, உங்கள் அம்மா அந்தப் பிழையைச் செய்தவர் அல்லர், கண்டுபிடித்தவர். இயக்குநர் அவர்களே, விசாரணைக் கோப்பில் அவர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயர் வர வேண்டும். கடிதம் எழுதி வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் தருகிறேன்.

உயரத்தில் ஏறி வேலை செய்பவர்களுக்கான பாடம் ஒன்றை அவர் பாதியில் விட்டுப் போயிருக்கிறார். அதை நாங்கள் முடிப்போம். முதல் திரையில் அவர் பெயர் இருக்கும். அதில் ஒரு பிழை வந்தால், எழுதியது யார் என்று தாராளமாகக் கேளுங்கள். இந்த முறை நான் முந்திக்கொள்கிறேன்.