நடு முட்டு

— கூரையத் தாங்குத அந்த ஒரு முட்ட மட்டும் விட்டுரும். ஓரத்துல உள்ளதெல்லாம் எடுத்தாச்சுல்லா. நடுவுல உள்ளது நிக்கட்டும். இந்தாரும், உம்ம கால்ல விழுதேன்.

— ஏட்டி சந்தனமாரி, நடுவுல பனங்கட்டைய நிறுத்தி வச்சா அதுக்குப் பேரு பள்ளிக்கூடமா? பிள்ளையத் தூக்கிட்டுப் பைய வெளிய போ.

— மந்திரமூர்த்தி கொத்தனாரே, அவ சொல்லுததையும் கேளும் வே. தூணே இல்லாம இவ்வளவு அகலத்துக்குத் தட்டையா ஒரு கூரை, நம்ம சேரன்மகாதேவி பக்கம் எவன் கண்டான்? முழுப் பாரமும் அந்த நடு முட்டு மேலதான் நிக்கி. நான் வாசப்படியத் தாண்டி உள்ள வர மாட்டேன், ஆண்டவரே!

— வாத்தியாரய்யா, நீங்களே இப்படிச் சொல்லலாமா? இந்தக் கூரையப் போட்ட மார்வின் துரை உங்க சபை ஆளுல்லா.

— சபை ஆளுதான். அமெரிக்காவுல பேரெடுத்த கட்டடக்காரருதான். ஆனா, இதே சிமிட்டி, இதே கம்பி வச்சு அங்கன கட்டுன மாடி இடிஞ்சு விழுந்துச்சு வே. உள்ள ஆளுக இருந்தாங்க. அதுக்கப்புறம் அவர ஒருத்தனும் கூப்பிடல.

— பாத்தீரா! வால்வெள்ளி தெரிஞ்ச வருசம் வந்த மனுசன். அப்பமே சொன்னேன், கெட்ட சகுனம்னு.

— அங்கன விழுந்தது அவரால இல்லட்டி. மொதலாளி அவசரப்பட்டு, சிமிட்டி இறுகுமுன்ன முட்ட உருவச் சொல்லிட்டான். அதான் இங்கன மழை முடியட்டும்னு காத்துக் கிடந்தாரு. காய்ச்சல்ல கிடக்கும்போதும் என் கையப் பிடிச்சுக்கிட்டு, "முட்டு எடுக்கும்போது நான் கீழ நிக்கும்"னு அவரோட தமிழ்ல சொன்னாரு. அந்தக் காய்ச்சலே அவரக் கொண்டு போயிட்டு, நிக்க அவரு இல்லையே.

— அப்பம் கொத்தனாரே, முட்டுல கயித்தக் கட்டி வெளிய நின்னு இழுத்துரும்.

— கட்டுனவனே வெளிய நின்னா, எவன் தன் மகள உள்ள அனுப்புவான்?

— உம்ம மகளுக்கு அப்பன் வேண்டாமா? வெள்ளத்துல குடிசை போனதுலேருந்து இந்த முட்டு ஓரமாத்தான் அவளத் தூங்கப் போடுதேன். இடி இடிச்சப்பல்லாம் இதத்தான் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். இதுதான் எங்களக் காப்பாத்துச்சு.

— கொத்தனாரே, துரை கட்டுனதுல இது ஒண்ணுதான் மிச்சம். அவரு ஊர்ல மத்ததையும் பயந்து இடிச்சுட்டாங்களாம். இதுவும் விழுந்தா அவரு பேரும் இருக்காது, நீரும் இருக்க மாட்டீரு.

— எனக்குப் பயமில்லன்னா சொல்லுதேன்? ஆனாலும் சுத்தியல எடுத்துட்டேன். மாரி, வெளிய போ!

— வாத்தியாரய்யா, பிள்ளையப் பிடிங்க. நான் இவரு பக்கத்துலதான் நிப்பேன்.

— ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?

— அடியும். கண்ண மூடிக்கிட்டேன். அடியும்!

— ஐயோ, மண்ணு கொட்டுதே! ஆண்டவரே, கொட்டுதே! ஓடி வாங்க ரெண்டு பேரும்!

— கத்தாதீங்கய்யா. கூரையிலேருந்து கொட்டல, அது அப்படியேதான் நிக்கி.

— பின்ன எங்கேருந்து கொட்டுது? தல பூராவும் மண்ணு. எனக்குக் கண்ணத் தொறக்கவே பயமா இருக்கு.

— தொறந்து பாரு, மாரி. ஒரு தட்டுதான் தட்டுனேன், முட்டு ரெண்டா முறிஞ்சு போச்சு. மேல தோல் மாதிரி இத்துணூண்டு கட்டை. உள்ள பூராவும் கறையான் மண்ணு. மழைக்காலம் பூராவும் இது எதையும் தாங்கவே இல்லட்டி.