இரு நாட்டுக்கு நடுவே எங்கள் வடிவாம்பாள் அக்கா

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, என்னோடு கடல் தாண்டி வந்த பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

உள்ளே நுழைந்ததும் மாலைக்குள் இருந்த படத்தைத்தான் பார்த்தேன். கப்பல் ஏறுவதற்கு முன் பாஸ்போர்ட்டுக்காக எடுத்த படம். இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று சொன்னதால் கூந்தலை இழுத்துக் கட்டியிருக்கிறார். நம் சங்கச் செயலாளர் வடிவாம்பாள் அக்காவுக்கு வேறு படமே இல்லை.

இலங்கையும் இந்தியாவும் தேயிலைத் தோட்டத்து ஜனங்களைப் பங்கு பிரித்தபோது, அக்காவும் அவர் அம்மா ரேணுகாம்பாளும் ஒரு யோசனை செய்தார்கள். ஆளுக்கொரு நாட்டுக்கு மனுப் போடுவோம், எது நல்ல நாடோ அங்கே மற்றவர் வந்துவிடலாம் என்று. நம்மில் எத்தனை வீட்டில் இப்படி நினைத்தோம்! இரண்டு நாடும் சரி என்று சொல்லிவிட்டன. மகள் இந்தியாக்காரி ஆனார். தாய் இலங்கைக்காரி ஆகி அங்கேயே நின்றுவிட்டார்.

இங்கே பிள்ளையார்பாளையத்தில் அக்காவும் நானும் ஒரே அறையில் இருந்தோம். தாய் தகப்பன் இல்லாமல், ஐந்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு வந்தவள் நான். இருவரும் பட்டு நூல் சுற்றினோம். வேலை இல்லாத நாளெல்லாம் அக்கா ஆபீசுக்குப் போனார். உங்கள் ரேஷன் கார்டுக்காகப் போனார். உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகப் போனார். தன் அம்மாவை இங்கே அழைத்துக்கொள்ளப் போட்ட மனுவுக்காகவும் போனார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பேன்.

"அவங்க வேற நாட்டுப் பிரஜைமா. இறையாண்மைன்னு ஒண்ணு இருக்குது. அடுத்தவன் வூட்டுக்குள்ள நாம கைய வெக்க முடியாது" என்றார் அதிகாரி.

"கைய வைக்க வேணாங்க. நம்ம வீட்டுக் கதவ மட்டும் தொறந்து வைங்க. அம்மா தானா வந்துரும்."

அதிகாரியே சிரித்துவிட்டார். ஆனால் கதவு திறந்ததா? அதற்குள் மஞ்சள் காமாலை அக்காவைக் கொண்டுபோய்விட்டதே!

ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தலைவர் ஐயா, இனி அக்காவின் வேலையை யார் செய்வது என்று கேட்டீர்கள். எனக்குப் பேச வராது, எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நான் செய்கிறேன். நேற்று அதே ஆபீசுக்குத் தனியாகப் போனேன்.

"மனு போட்டவங்களே பூட்டாங்களேமா. அந்தம்மா இனிமே யாருகிட்ட வரப் போறாங்க?" என்று கேட்டார் அந்த அதிகாரி.

"என்கிட்டங்க" என்றேன்.

புது மனு ஒன்று கேட்டு வாங்கி, அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.